பி.எல்.சி.க்கு செட் பாயின்ட் எழுதுவது: ‘குட்’ என்று பதில் வந்த பிறகும் மிச்சமிருக்கும் வேலை

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசன் தொடங்கிவிட்டால் லைன் ராப்பகலாக ஓடும். அல்போன்சா ரகம் முடிந்து பெங்களூரா ரகம் ஏறும்போது சூடேற்றும் பகுதியின் செட் பாயின்ட் (எட்ட வேண்டிய வெப்பநிலை), பம்ப் வேகம், கூழைச் சூட்டில் வைத்திருக்கும் தாங்கு நேரம் என்று எல்லாவற்றையும் பேனலில் ஒவ்வொன்றாக விரலால் அடித்து மாற்ற வேண்டும். இந்த வேலையைக் கணினியில் இருக்கும் ரெசிபிப் பட்டியலிலிருந்தே செய்ய, ஓபிசி யூஏ (தொழிற்சாலைக் கருவிகள் தரவு பரிமாறும் பொது நெறிமுறை) வழியாகப் பேசும் கிளையன்ட் ஒன்றை பைத்தானில் எழுதினோம். எதிர்ப்பக்கம் லைனை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான சீமென்ஸ் எஸ்7-1500 பி.எல்.சி.; சர்வர் அதற்குள்ளேயே இருக்கிறது. மதிப்புகளைப் படிக்கும் கோடு அரை நாளில் ஓடிவிட்டது. எழுதும் கோடுதான் நாட்களைத் தின்றது.

இணைப்புப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சர்வரை டியா போர்ட்டலில் (பி.எல்.சி.க்கு புரோகிராம் எழுதும் சீமென்ஸ் மென்பொருள்) இயக்க வேண்டும், அதற்கான லைசென்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும், போர்ட் 4840. பாதுகாப்புக்கு பேசிக்256ஷா256 என்ற பாலிசி, சைன் அண்ட் என்க்ரிப்ட் (கையொப்பமும் மறையாக்கமும்) என்ற முறை. பெயரில்லாமல் உள்ளே வரும் வழியை அடைத்துவிட்டு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். எழுதும் அனுமதி உள்ள சர்வரில் இதில் சலுகையே கூடாது. கிளையன்ட் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழில் இரண்டு இடத்தில் இடறும். சான்றிதழுக்குள் இருக்கும் அப்ளிகேஷன் யூஆர்ஐயும் (மென்பொருளின் அடையாளப் பெயர்) கோடில் கொடுக்கும் யூஆர்ஐயும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பி.எல்.சி.யின் கடிகாரம் பின்தங்கியிருந்தால், நேற்று உருவாக்கிய சான்றிதழ் அதன் கண்ணுக்கு ‘இன்னும் செல்லுபடியாகாதது’. முதலில் கடிகாரத்தைச் சரி செய்யுங்கள்.

அடுத்தது டேக்கின், அதாவது பி.எல்.சி.யில் உள்ள மாறியின், முகவரி. அதில் வரும் நேம்ஸ்பேஸ் (பெயர்த்தொகுதி) எண் பெரும்பாலும் 3 என்றுதான் வரும். ஆனாலும் அதைக் கோடில் அப்படியே பதிக்காமல், நேம்ஸ்பேஸ் யூஆர்ஐயைக் கொடுத்து எண்ணைச் சர்வரிடமே கேட்டு வாங்குவது நல்லது. டிபி (மாறிகளை வைத்திருக்கும் டேட்டா பிளாக்) பெயரும் மாறியின் பெயரும் தனித்தனியாக இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும், நடுவில் ஒரு புள்ளி. மேற்கோள் குறி விட்டுப்போனால் ‘அப்படி ஒரு நோடே (சர்வர் காட்டும் உருப்படி) இல்லை’ என்று பதில் வரும்.

படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் டிபியில் அந்த மாறிக்கு நேராக உள்ள ‘ரைட்டபிள்’ டிக்கைப் பாருங்கள். ‘ஆக்சஸிபிள்’ டிக் மட்டும் இருந்தால் படிக்கத்தான் முடியும். கிளையன்ட் பக்கத்திலிருந்து பார்க்க ஆக்சஸ் லெவல் என்ற பண்பைப் படித்தால் போதும்: 1 வந்தால் படிக்க மட்டும், 3 வந்தால் படிக்கவும் எழுதவும். ரெசிபிக்கென்று தனியாக ஒரு டிபி வைத்து, அதற்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தோம். மற்ற டிபி எதையும் வெளியிலிருந்து தொட முடியாது. இதை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

அனுமதி சரியானதும் வந்த அடுத்த பிழை ‘பேட் டைப் மிஸ்மேட்ச்’ (தரவு வகை பொருந்தவில்லை), ஹெக்ஸில் 80740000. ஓபிசி யூஏவில் எழுதும்போது சர்வர் நமக்காக டைப்பை மாற்றித் தராது. பைத்தானில் 92.3 என்று கொடுத்தால் நாங்கள் பயன்படுத்திய அசின்க்யூஏ லைப்ரரி அதை 64 பிட் டபுளாக அனுப்பும், பி.எல்.சி.யின் ரியல் 32 பிட் ஃப்ளோட். முழு எண்ணைக் கொடுத்தால் இன்ட்64 ஆகப் போகும். எதிரே இருக்கும் இன்ட் 16 பிட், டிஇன்ட் 32 பிட். டைம் வகை மாறிக்கு 32 பிட் முழு எண்ணாக, மில்லிவினாடியில் அனுப்ப வேண்டும்: 45 வினாடிக்கு 45000. டைப்பை நினைவிலிருந்து எழுதாமல், இணைந்தவுடன் ஒவ்வொரு நோடின் டேட்டா டைப்பையும் சர்வரிடம் ஒருமுறை படித்து வைத்துக்கொண்டு, அதன்படி வேரியன்ட்டை (மதிப்பும் அதன் டைப்பும் சேர்ந்த பொதி) கட்டுவதே பத்திரம்.

டைப்பைத் திருத்தியும் ‘பேட் ரைட் நாட் சப்போர்ட்டட்’ (இப்படி எழுத ஆதரவில்லை) வந்தது, 80730000. பெயரைப் பார்த்து மறுபடி அனுமதியைத் தேடி ஓட வேண்டாம். லைப்ரரியின் எழுதும் ஃபங்ஷனுக்கு வெறும் மதிப்பைக் கொடுத்தால் அது தானாகவே சோர்ஸ் டைம்ஸ்டாம்ப் (மதிப்பு உருவான நேரம்) ஒன்றையும் சேர்த்து அனுப்புகிறது. மதிப்போடு நேரத்தையும் எழுத அனுமதிப்பதும் மறுப்பதும் சர்வரின் விருப்பம். தரநிர்ணயமே அப்படித்தான் சொல்கிறது. மதிப்பு, நேரம், ஸ்டேட்டஸ் மூன்றையும் ஏந்திச் செல்லும் டேட்டாவேல்யூவை நாமே கட்டி, அதற்குள் வேரியன்ட்டை மட்டும் வைத்து, டைம்ஸ்டாம்ப், ஸ்டேட்டஸ் இரண்டையும் வெறுமையாக விட்டதும் ‘குட்’ (சரி) என்று பதில் வந்தது.

பலர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். ‘குட்’ என்பதற்கு, மதிப்பைச் சர்வர் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். பி.எல்.சி. புரோகிராமில் அதே இடத்துக்கு ஒரு மூவ் (மதிப்பை நகலெடுக்கும்) கட்டளை, புரோகிராம் ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் (ஸ்கேன்) பழைய மதிப்பை எழுதிக்கொண்டிருந்தால், நாம் எழுதியது சில மில்லிவினாடிகூடத் தங்காது. அதனால் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. 92.5 எழுதினால் 92.5 என்றே திரும்பி வரும். 92.3 எழுதினால் 92.30000305 என்று வரும், ஏனென்றால் 92.3ஐ 32 பிட்டில் துல்லியமாக அடக்க முடியாது. இரண்டும் சமமா என்று ஒப்பிடும் கோடு சோதனையில் 92.5க்குத் தேறிவிட்டு, வேலை நேரத்தில் 92.3க்குப் பொய் அலாரம் அடிக்கும். வித்தியாசம் 0.01க்குள் இருந்தால் சரி என்று ஒப்பிடுங்கள்.

திரும்பப் படிப்பதும் பாதி வழிதான். லைன் அதை ஏற்றுக்கொண்டதா என்று பி.எல்.சி.தான் சொல்ல வேண்டும். ரெசிபி டிபியில் புதிய மதிப்புகளோடு கோரிக்கை எண், ஒப்புதல் எண், மறுப்புக் காரணம் என்று மூன்று மாறிகளைச் சேர்த்தோம். கிளையன்ட் முதலில் மதிப்புகளை எழுதும். எல்லாவற்றுக்கும் ‘குட்’ வந்த பிறகே, தனி ரைட் அழைப்பாகக் கோரிக்கை எண்ணை ஒன்று கூட்டி எழுதும். ஒரே அழைப்பில் போட்டால் எது முதலில் எழுதப்படும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எண் முந்திக்கொண்டால் பாதி புதிது, பாதி பழையது என்ற ரெசிபி லைனில் ஏறிவிடும். ஒரு அழைப்பில் பத்து மதிப்பு போனால் பத்து ஸ்டேட்டஸ் திரும்பி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். மூன்றாவது தோற்றாலும் மற்ற ஒன்பதும் எழுதப்பட்டிருக்கும், எதுவும் தானாகப் பின்வாங்காது.

கோரிக்கை எண்ணும் ஒப்புதல் எண்ணும் வேறுபட்டால் பி.எல்.சி. மதிப்புகளைச் சோதிக்கும். மேல் எல்லை, கீழ் எல்லைச் சோதனை பி.எல்.சி.யிலேயே இருக்க வேண்டும். கிளையன்ட்டில் மட்டும் வைத்தால், நாளை வேறொருவர் வேறொரு மென்பொருளில் இணைந்து 92.3க்குப் பதில் 923 அடிப்பதை யார் தடுப்பது? சரியென்றால் லைன் உண்மையில் பயன்படுத்தும் செயல் மாறிகளுக்கு நகர்த்திவிட்டு ஒப்புதல் எண்ணைச் சமமாக்கும். 5 வினாடிக்குள் ஒப்புதல் வராவிட்டால் கிளையன்ட் தோல்வி என்று காட்டும்.

கூழ் லைனுக்கே உரிய ஒன்று: கூழ் ஓடிக்கொண்டிருக்கும்போது வெப்பநிலை செட் பாயின்ட்டை ஒரே தாவலில் 3 டிகிரி உயர்த்தினால், அந்த நொடியே கூழ் தேவையான சூட்டுக்குக் கீழே இருப்பதாகக் கணக்காகும். சூடு போதாத கூழைத் திருப்பிவிடும் டைவர்ட் வால்வு ‘டப்’பென்று திரும்பி, கூழ் நிரப்பும் பக்கம் போகாமல், லைனின் தொடக்கத்தில் உள்ள பேலன்ஸ் டாங்கிக்கே திரும்பி வரும். அதனால் லைன் ஓடும்போது வெப்பநிலைக் கோரிக்கையை பி.எல்.சி. மறுத்து, காரண எண்ணைத் தர வேண்டும். பழம் மாறும் இடைவெளியில், தண்ணீர் ஓடும் நேரத்தில் மட்டும் ஏற்றுக்கொள்ளட்டும்.

கடைசியாக, கரண்ட். ரீட்டெயின் (மின்சாரம் போனாலும் மதிப்பைத் தக்கவைக்கும்) டிக் இல்லாத மாறி, மின்சாரம் போய் வந்ததும் டிபியில் உள்ள ஸ்டார்ட் வேல்யூவுக்குத் திரும்பிவிடும். காலையில் எழுதிய ரெசிபி போய், லைனை முதலில் ஓட்டிப் பார்த்த (கமிஷனிங்) அன்று யாரோ போட்ட எண் வந்து உட்காரும். செயல் மாறிகளுக்கு ரீட்டெயின் கட்டாயம். கோரிக்கை எண்ணுக்கும் ஒப்புதல் எண்ணுக்கும் வைத்தால் இரண்டுக்கும் வையுங்கள், இல்லையேல் இரண்டுக்கும் வேண்டாம். கோரிக்கை எண் மட்டும் தங்கி ஒப்புதல் எண் பூஜ்யமானால், பி.எல்.சி. எழுந்தவுடன் யாரும் கேட்காமலே பழைய கோரிக்கையைப் புதிதென்று எடுத்து ஓட்டும். லைனில் கூழ் இல்லாதபோது பி.எல்.சி.யின் மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, இரண்டு எண்ணும் சமமாக இருக்கின்றனவா என்று டியா போர்ட்டலில் மாறிகளை நேரடியாகக் காட்டும் வாட்ச் டேபிளில் பார்த்துவிட்டுத்தான் கிளையன்ட்டை ஆபரேட்டரிடம் கொடுத்தோம்.