பட்டியலின் பின்பக்கம்: அலுவலக நாட்குறிப்பு

21 அக்டோபர் 2024, திங்கள்

விடுதிக்கு இரும்புக் கட்டில்கள் வாங்கிய பட்டியலோடு (பில்) பிரிவின் இளநிலை உதவியாளர் என் மேசைக்கு வந்தார். பணியில் சேர்ந்து ஓராண்டு முடியாதவர். பட்டியலில் 60 கட்டில்கள். விடுதிக்கு நேரில் சென்று அவர் எண்ணியவை 48. "மீதி தீபாவளிக்கு அப்புறம் வந்துவிடுமாம் சார், முழுவதற்கும் வரவு வைத்துப் பட்டியலைக் கருவூலத்துக்கு அனுப்பச் சொல்கிறார்" என்றார். சொன்னவர் எங்கள் அலுவலர், சொன்னது வாய்மொழியாக. பட்டியலின் பின்பக்கத்தில், இருப்புப் பதிவேட்டில் வரவு வைக்கப்பட்டதாகச் சான்றளிக்கும் முத்திரை ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தது. பக்க எண்ணும் சுருக்கொப்பமும் மட்டும் காலியாக இருந்தன. அந்தச் சுருக்கொப்பம் இவருடையதாக இருக்கப்போகிறது. நாளை தணிக்கைக்குழு கேட்டால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஆ) குறிப்பாணையும் முதலில் இவர் கைக்குத்தான் வரும்.

22 அக்டோபர், செவ்வாய்

சண்டை பிடிக்கவும் வேண்டாம், சான்று அளிக்கவும் வேண்டாம், கோப்பில் குறிப்பு எழுதும்மா என்றேன். அவர் எழுதி வந்த வரைவில் 'மோசடி' என்ற சொல் இருந்தது. அதை நீக்கச் சொன்னேன். கண்ணால் கண்டதை மட்டும் எழுதினால் போதும், முடிவுக்கு வருவது விசாரிப்பவர் வேலை. கடைசியில் குறிப்பு இப்படி அமைந்தது: "60 கட்டில்களுக்குப் பட்டியல் பெறப்பட்டுள்ளது. நேரில் சரிபார்த்ததில் 48 மட்டுமே இருப்பில் உள்ளன. எஞ்சியவற்றுக்கு வரவு வைக்க இயலாத நிலையில், தக்க ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது." கண்காணிப்பாளர் என்ற முறையில் கீழே நானும் ஒப்பமிட்டு அனுப்பினேன்.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இது தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது: மேலலுவலரின் ஆணை பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாய்மொழியாகச் சொன்னால் உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும், அப்படி உறுதிசெய்யுமாறு கீழ்ப்பணியாளர் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்பதைக் கீழ்ப்படியாமை என்று நினைக்கும் அலுவலர்கள் அந்த விதியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

24 அக்டோபர், வியாழன்

கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே சொல்: 'பேசுக'. இந்தச் சொல்லால் தாளை விட்டு வெளியேறிய விவகாரங்கள் எத்தனையோ. இருவரும் அறைக்குச் சென்றோம். காலாண்டுக்குள் நிதியைச் செலவிட வேண்டிய நெருக்கடி, நிறுவனத்தார் பழக்கமானவர்கள் என்று அலுவலர் விளக்கினார். குரலை உயர்த்தவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வெளியே வந்ததும், "அலுவலருடன் விவாதிக்கப்பட்டது, முழு எண்ணிக்கைக்கும் வரவு வைக்குமாறு அறிவுறுத்தப்பட்டது, எழுத்துமூலமான ஆணை வேண்டப்படுகிறது" என்று அதே கோப்பில் எழுதி, தேதியிட்டு, மீண்டும் மேலே அனுப்பினோம்.

26 அக்டோபர், சனி

அலுவலக நண்பர் ஒருவர் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு மொட்டைக் கடிதம் போட்டுவிடலாமே என்று தொலைபேசியில் யோசனை சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. பெயரில்லாத கடிதத்தின் மீது மேல்விவரம் கேட்க ஆளில்லை. யார் எழுதியது என்ற வேட்டையில் அலுவலகம் இறங்கும்போது கட்டில்களை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

ஆனால் பெயரோடு எழுதுபவருக்கு என்ன பாதுகாப்பு என்று அவர் திருப்பிக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தம் பெயரை மறைக்குமாறு கோரினார். கடிதமோ பெயரோடு அலுவலகங்களைச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையின்போது நேர்ந்த கொலை என்றே சி.பி.ஐ. வழக்கை நடத்தியது. ஆயினும் அந்தக் கடிதம் கையாளப்பட்ட விதத்துக்கு அதனால் மன்னிப்புக் கிடைத்துவிடாது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானத்தின் வழியாக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் இத்தகைய புகார்களைப் பெறும் பொறுப்பை ஒப்படைத்தது: மூடிய உறை, உறையின் மேல் பெயர் கூடாது, உள்ளே பெயரும் முகவரியும் கட்டாயம். எனினும் எங்களைப் போன்ற மாநில அரசு ஊழியர்கள் மீதான புகார்கள் அதன் வரம்பில் வருவதில்லை. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இன்னும் நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை.

ஆகவே எங்களுக்கு மிஞ்சுவது 'உரிய வழி'. எந்த அலுவலரைப் பற்றிச் சொல்கிறோமோ அவர் மேசை வழியாகவே தாள் மேலே போக வேண்டும் என்பது அதன் பெருங்குறை. உரிய வழியைப் பற்றி அதிகம் உபதேசிப்பவர்கள் அந்த வழியை மறித்து உட்கார்ந்திருப்பவர்களாகவே பெரும்பாலும் இருக்கிறார்கள். எழுத்தில் ஆணை வராவிட்டால், மனுவை உரிய வழியில் கொடுத்து, அது மேலே போய்ச் சேரும்வரை காத்திராமல் ஒரு நகலை (முன்நகல்) நேரடியாகத் துறைத் தலைமைக்கு ஒப்புகை அட்டையுடன் அனுப்புவது என்று முடிவுசெய்தோம்.

28 அக்டோபர், திங்கள்

ஊழல் கண்காணிப்பு விழிப்புணர்வு வாரம் தொடங்கியது. எல்லோரும் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்தோம், அலுவலர்தான் வாசித்தார். தீபாவளி நெருங்கும்போது திடீர்ச் சோதனை வருவது வழக்கம் என்பதால், கையிலுள்ள சொந்தப் பணத்தை எழுதிவைக்கும் பதிவேடு இன்று சுறுசுறுப்பாக மேசைதோறும் சுற்றியது. கட்டில் நிறுவனத்திலிருந்து வந்த இனிப்புப் பெட்டிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பச் சொன்னேன்.

4 நவம்பர், திங்கள்

ஆணை எழுத்தில் வந்துவிட்டது: 48 கட்டில்களுக்கு மட்டும் திருத்திய பட்டியல் பெற்றுத் தொகை வழங்கலாம். முன்நகலுக்குத் தேவை ஏற்படவில்லை. கூடவே அலுவலக ஆணை ஒன்று: இளநிலை உதவியாளர் தபால் பிரிவுக்கு மாற்றம், 'நிர்வாக நலன் கருதி'. அந்த மாற்றத்துக்கு மாற்றுக்கருத்துத் தெரிவித்துக் குறிப்பு வைத்திருக்கிறேன், பதில் இல்லை. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இந்தக் கோப்பின் எண்ணையும், நேரில் சரிபார்த்த தேதியையும், இருப்புப் பதிவேட்டின் பக்கத்தையும் தனித்தனி வரிசையாக எழுதச் சொல்லி, புதிதாக வருபவரிடம் கையொப்பம் வாங்கி, ஒரு நகலை இளநிலை உதவியாளரிடமே கொடுத்தேன்.