செவலையோடு ஓடும் காலைகள்

நாய்களுக்கான தடையோட்டம் 1978ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகளின் தடைதாண்டும் போட்டியை முன்மாதிரியாகக் கொண்டு, பார்வையாளர்களை மகிழ்விக்கும் இடைவேளை நிகழ்ச்சியாகவே அறிமுகமானது. மகிழ்ச்சிக்காகப் பிறந்த விளையாட்டு என்பதால்தான் எனக்கு அதன்மீது இத்தனை பற்று.

களத்தில் ஓடும் நாயைக் கயிற்றால் இழுக்கவோ கையால் தொடவோ கூடாது. நம் குரலும் கையசைவும் தோள் திரும்பும் திசையுமே அதற்கு வழிகாட்டி. வரிசையாக நட்ட கம்பங்களுக்குள் நுழையும்போது முதல் கம்பம் நாயின் இடத்தோள் பக்கம் இருக்க வேண்டும். சாய்வுப் பலகையின் முனையில் வேறு வண்ணம் பூசிய பகுதியில் கால் பதித்தே அது இறங்க வேண்டும். உயரத்திலிருந்து குதித்துக் காயப்படாமல் காக்கும் விதி அது.

காட்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னுள்ள காலிமனையில் பிளாஸ்டிக் குழாய்களை நட்டு, செவலை என்னும் எங்கள் நாட்டு நாயோடு நானும் என் மகளும் இந்த ஓட்டத்தைப் பழகி வருகிறோம். கோடையில் வேலூர் வெயில் 40 டிகிரியைக் கடந்துவிடும் என்பதால் விடியுமுன்பே தொடங்கி, அவளுக்கு மூச்சிரைத்ததும் நிறுத்திவிடுவோம். பெரும் போட்டிகளில் முன்னிற்கும் பார்டர் கோலி இனத்தின் வேகத்தைச் செவலை எட்டமாட்டாள்; எட்ட வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. சுரங்கக் குழாயிலிருந்து வெளிவந்ததும் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடுகிறாளே, அந்தப் பார்வைக்காகவே ஓடுகிறேன். தடையைத் தவறவிட்ட நாயைக் கடிந்துகொள்வதைக் காணும்போது மனம் நோகிறது. பெரும்பாலும் மனிதர் தாமதமாகக் காட்டிய சைகையே அதற்குக் காரணம்.

அடுத்த வாரம் தெருப் பிள்ளைகளும் தங்கள் நாய்களுடன் வருகிறார்கள். அன்றும் ஓடும் நேரத்தை அளக்கப் போவதில்லை.