நலிந்தவன்னு எழுதாதே

தெருக்கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், மிருதங்கம் அடிக்கிறேன், பன்னிரண்டு வருஷமாகிறது. பி.காம். படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக ஜமாவின் கணக்கு, மனு, பாஸ்புக் ஜெராக்ஸ் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. பக்கத்து ஊர் ஜமாக்காரர்கள், பம்பைக்காரர்கள், கரகம் ஆடுகிற அக்காக்கள் என்று யாராவது ஒருத்தர் பாலிதீன் கவரில் சுருட்டிய பேப்பர்களோடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த வேலைக்குத் தனிச் சம்பளம் கிடையாது. சில நாள் டீ கிடைக்கும்.

எங்களுக்குச் செய்யாறு பக்கம். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. ராத்திரி பத்து மணிக்கு மேல் களரி கட்டி ஆட இறங்கினால் விடிந்த பிறகுதான் அரிதாரத்தைக் கலைப்போம். மீதி மாசங்களில் நூறு நாள் வேலை, செங்கல் சூளை, யாராவது செத்தால் அங்கே ஒரு கூத்து. ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்து, பேரம் பேசி, அட்வான்ஸ் கொடுப்பார்கள். கூத்து சரியில்லை என்றால் திட்டிவிட்டுத்தான் மீதியை எண்ணிக் கொடுப்பார்கள். ஆனால் உதவி செய்கிறோம் என்று ஒருநாளும் ஒருத்தரும் சொன்னதில்லை. கொடுப்பது கூலி, அது அவர்களுக்கும் தெரியும்.

அரசாங்கத்துப் பணம் என்று வரும்போதுதான் பேச்சே மாறிவிடுகிறது.

எங்களுக்குக் கூத்துச் சொல்லிக்கொடுத்து ஜமாவை நடத்துகிற வாத்தியாருக்கு உதவித்தொகை மனு எழுதிய நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அரசின் இயல் இசை நாடக மன்றம் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு மாசம் 3,000 ரூபாய் தருகிற திட்டம் இருக்கிறதே, அது. வருமானச் சான்று, வயசுச் சான்று, மேடையில் நிற்கிற போட்டோ எல்லாம் சேர்த்தாயிற்று. கடைசியில் ‘நலிந்த நிலையில் வாழ்ந்து வருகிறேன்’ என்று நான் எழுதியதை வாசித்துக் காட்டியதும் கையைப் பிடித்துவிட்டார். “தம்பி, நலிந்தவன்னு எழுதாதே. கால்ல சலங்கையைக் கட்டிவிடு, விடியவிடிய நிக்கிறனா இல்லையா பாரு.” அப்படி எழுதாவிட்டால் பணம் வராது வாத்தியாரே என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. சரி, எழுதிக்கோ, சத்தமாப் படிக்காதே என்றார்.

அந்த 3,000 ரூபாயைக் குறை சொல்லவில்லை. அதில் மருந்து வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தபோதும் எங்கள் பக்கம் சந்தோஷப்பட்டார்கள். பிள்ளைகள் படிப்புக்கு, விபத்துக்கு, ஈமச்சடங்குக்கு என்று வீட்டுக்கு ஏதோ ஒன்று வந்தது. ஆனால் பட்டியலைப் பாருங்கள், படித்தால், அடிபட்டால், செத்தால் பணம், ஆடினால் எவ்வளவு என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை. 2020இல் பங்குனி சீசன் மொத்தமும் ஊரடங்கில் போனபோது வாரியத்தில் பதிந்தவர்களுக்கு 1,000 ரூபாய் நிவாரணம் வந்தது. வாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் என்னிடம் வந்து நின்றார்கள். நான் என்ன செய்வேன்.

ஆட வைத்துப் பணம் தருவதும் உண்டுதான், விழிப்புணர்வு நிகழ்ச்சி என்பார்கள். ஒருமுறை டெங்கு பற்றிப் போட வேண்டும் என்று ஒரு அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு பேர் இருக்கிற ஜமாவில் ஆறு பேர் போதும், பதினைந்து நிமிஷம் போதும், கிரீடம் எல்லாம் வேண்டாம் என்றார்கள். நாலு நாள் ஒத்திகை பார்த்து, கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரனைக் கொசுவாக்கி (நிஜமாகவே நன்றாக வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்), ஒரே நாளில் மூன்று ஊர் போட்டோம். வேன் வாடகை எங்கள் கையிலிருந்து. நடுவில் ஏற்பாடு செய்த ஆள் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரை நீட்டினார். தொகை எழுதுகிற இடம் காலி. கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் நிரப்பிக்கொள்கிறோம் என்றார். படித்த நானே போட்டேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பணம் ஏழு மாசம் கழித்து வந்தது, பேசியதில் பாதி.

அதற்குப் பிறகுதான் நாலைந்து ஜமாக்கள் சேர்ந்து மனு கொடுப்பது என்று முடிவானது. சேர்வது ஒன்றும் புதுசில்லை, காஞ்சிபுரம் பக்கம் 1990லேயே கலைஞர்கள் கட்டைக்கூத்துச் சங்கம் வைத்தார்கள் (எங்கள் கூத்துக்கு அங்கே அந்தப் பெயர்). எங்கள் மனு ஒரே பக்கம். அரசு நிகழ்ச்சிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒத்திகை நாளுக்கும் வண்டிக்கும் கணக்கு வேண்டும். பணம் நடு ஆள் இல்லாமல் அவரவர் பேங்க் கணக்குக்கு முப்பது நாளில் வர வேண்டும். உதவி, நிவாரணம், நலிந்த என்ற மூன்று வார்த்தையும் மனுவில் வரக்கூடாது என்பது வாத்தியாரின் நிபந்தனை. சம்பளம் என்றே எழுதினேன்.

திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளுக்குக் கலெக்டர் ஆபீஸ் போனோம். கேட்டில் போலீஸ் எல்லார் பையையும் பார்ப்பார்கள், மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. வாத்தியார் பையில் அரிதாரப் பொடி, சலங்கை, ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்த அந்தப் பெண் போலீஸ், “இது எதுக்கு ஐயா?” என்றார். வேஷம் கலைக்கிறதுக்கும்மா என்றார் இவர். அவருக்கும் கூத்துப் பிடிக்குமாம், சின்ன வயசில் தாத்தாவோடு போய்ப் பாய் விரித்துப் பார்த்ததாகச் சொல்லி, வரிசையில் கொஞ்சம் முன்னால் அனுப்பிவைத்தார்.

மனுவைப் பதிவு செய்கிற இடத்தில் இருந்த பெண் மேலோட்டமாகப் பார்த்து, தட்டி, ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். ‘பொருள்: நிதியுதவி கோருதல்.’ இது உதவி இல்லைம்மா, சம்பளம் என்றேன். கம்ப்யூட்டரில் அப்படி ஒரு தலைப்பு இல்லை சார், இருக்கிறதில் இதுதான் பக்கத்தில் வருது என்றாள். அவள் மேல் தப்பில்லை, பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள்.

வெளியே வந்ததும் வாத்தியார் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். நம்பரை மட்டும் படித்துக் காட்டினேன். அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ராத்திரி ஒரு ஊரில் கூத்து இருந்தது, அவருக்குக் கர்ண வேஷம், நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் முகம் எழுத நேரம் இருக்கும் என்று வேகமாக நடந்தார்.