காபிக்கு முந்தைய ஒரு மணி நேரம்

சித்திரை மாத மதுரையில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் ஒருவர் வீட்டில் இருந்தால், அவருடைய கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று இப்போது நான் தயங்காமல் சொல்வேன். திருமங்கலம் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருக்கும் எனக்கு, ஊரே வெக்கையில் புழுங்கிக்கொண்டிருந்த நாட்களில் ஆசிரியர் அறையில் குளிரத் தொடங்கியது. பிறகு குரல் கரகரத்து, கடைசி வரிசை மாணவர்களுக்கு எட்டாமல் போயிற்று. காலையில் எழும்போது விரல்கள் மரத்திருந்தன. மலச்சிக்கலும் முடி உதிர்வும் முகத்தில் லேசான வீக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவை ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது: குரலுக்குப் பள்ளிப் புழுதி, முடிக்கு போர்த் தண்ணீர், சோர்வுக்கு வயது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நம்பத் தகுந்த விளக்கங்கள்தாம். அதனாலேயே தைராய்டுக் குறைவு என்ற இந்த நோய் பல வீடுகளில் நெடுநாள் பிடிபடாமல் இருந்துவிடுகிறது.

இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். என்ற, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு மிக உயர்ந்திருந்தது. தைராய்டு சோம்பிப்போகும்போது அதைத் தட்டியெழுப்ப மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஆகவே அந்த எண் ஏறினால் தைராய்டின் வேலை குறைந்திருக்கிறது என்று பொருள். இதை எத்தனை முறை விளக்கினாலும், அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "உனக்குத் தைராய்டு ரொம்ப அதிகமா இருக்கே" என்று சொல்லாத உறவினர் எனக்கு இல்லை. எனக்கு இருப்பது, உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சொந்தச் சுரப்பியையே அந்நியமாகக் கருதித் தாக்கும் வகை. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912இல் நான்கு பெண்களிடம் கண்டு எழுதியதால் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அயோடின் பற்றாக்குறையால் வரும் கழுத்துக் கழலை வேறு, இது வேறு. சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பு போதும். அதற்குமேல் அயோடின் மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கினால் இந்த வகை நோயில் நிலைமை மோசமாகவும் கூடும்.

மருந்து எளிமையானது. சுரப்பி தராமல் விட்ட தைராக்சினையே, லெவோதைராக்சின் என்ற பெயரில், அன்றாடம் ஒரு சிறு மாத்திரையாக விழுங்க வேண்டும். சிக்கல் மருந்தில் இல்லை, அதை விழுங்கும் நேரத்தில் இருக்கிறது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் எடுத்துக்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறெதுவும் வயிற்றுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காபி கூடாது, பால் கூடாது. இதை எழுதிக் கொடுப்பவருக்கு அது ஒரு வரி. வாசல் தெளித்துக் கோலம் போடுவதற்குள் அடுப்பில் டிகாக்ஷன் இறங்கிவிடும் வீட்டில் அது ஒரு குடும்ப விவகாரம். காபி குடித்தால் மாத்திரை விஷமாகிவிடாது. குடலில் சேர வேண்டிய மருந்தில் ஒரு பங்கு சேராமல் வீணாகிறது, அவ்வளவே. ஆனால் அது தினமும் வீணானால், சரியான அளவில் மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்காது, மருத்துவர் அளவைக் கூட்டுவார், குறையோ அடுப்படியில் இருக்கும்.

எங்கள் வீட்டில் இதற்கு வழி கண்டவர் என் அத்தை. "காபி ஆறிப்போகுதும்மா" என்று முதலில் வருந்தியவர், பிறகு தாமாகவே, நான் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகே எனக்குக் கலக்குவது என்று முடிவு செய்துவிட்டார். விடிவதற்கு முன் எழுந்தவுடன் மாத்திரையை விழுங்கிவிட்டு, தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்தால் நேரம் சரியாக இருக்கிறது. வழியில் பருத்திப்பால் மணம் இழுக்கத்தான் செய்யும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மாத்திரைக்காரர்களுக்குத் தொல்லையே இல்லை. விடியற்காலையில் கூட்டத்துக்குள் நுழைவதற்கு முன் தண்ணீரோடு விழுங்கிவிட்டால், வெளியே வந்து ஒரு குவளை நீர்மோர் கிடைப்பதற்குள் தாராளமாக ஒரு மணி நேரம் ஓடிவிடும். காலையில் எப்படியும் முடியாதவர்கள், இரவு உணவுக்குப் பின் குறைந்தது மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அதுவும் ஏற்கப்பட்ட முறைதான்.

சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் இதோடு சேரக் கூடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நம் பெண்களில் பலர் மூன்றையும் ஒரே வேளையில் ஒரே மிடறு தண்ணீரில் முடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டையும் மதியத்துக்கோ இரவுக்கோ தள்ளிவிடுவது எளிது. இன்னொன்று நம் ஊர் வெயில். வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் இந்த மருந்தின் வீரியத்தைக் குறைப்பவை. அடுப்பு மேடை அலமாரியிலும் வெயிலில் நிறுத்திய காரிலும் வைக்காமல், வந்த பாட்டிலிலேயே இறுக மூடி, வீட்டில் குளுமையான அறையில் வைக்க வேண்டும்.

மாத்திரை தொடங்கிய மறுவாரமே தெம்பு வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் மனம் சோர்ந்துபோகிறார்கள். தைராக்சின் உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. வைகைத் தண்ணீர் தெப்பக்குளத்தில் ஏறுவதுபோல அது மெல்லத்தான் நிறைந்து நிலைக்கும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறுபடி பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான். ஒரு நாள் மறந்துபோனால் பதற வேண்டியதில்லை என்பதும் அதே காரணத்தால்தான். எனக்கு முதலில் போனது மலச்சிக்கல், பிறகு குளிர், குரல் திரும்ப மாதங்கள் பிடித்தன, முடிதான் எல்லாவற்றுக்கும் கடைசி. களைப்பாக இருக்கிறதே என்று தாமாகவே கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்வது ஆபத்து. அளவு மிஞ்சினால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் மெலியும்.

முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் அறவே விலக்கச் சொல்லும் அறிவுரைகளை நான் பொருட்படுத்துவதில்லை. சமைத்து, வழக்கமான அளவில் உண்டால் மாத்திரை எடுப்பவருக்கு அவை கெடுதல் செய்வதில்லை. உடல் எடையைப் பற்றியும் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது: தைராய்டுக் குறைவால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் உப்பும் நீரும் தேங்கியது மிகுதி. மீதிக்குப் பரோட்டாவும் உட்கார்ந்த வாழ்க்கையும் பொறுப்பேற்க வேண்டும். அதுபோலவே, டி.எஸ்.எச். சீரான பிறகும் சோர்வு தீரவில்லையென்றால் இரத்த சோகையையும் பி12 குறைவையும் தூக்கத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த நோய் வந்தபின் உடலில் எது நேர்ந்தாலும் அதன் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் மருத்துவமனை வரிசைகளிலும் இருக்கிறது, வீடுகளிலும் இருக்கிறது.

பரிசோதனைக்குப் போகும் நாளில் நான் இரத்தம் கொடுத்த பிறகே மாத்திரையை விழுங்குகிறேன். ஒரே ஆய்வகத்துக்கு, ஒரே காலை நேரத்தில் போகிறேன், ஏனெனில் டி.எஸ்.எச். அளவு பொழுதுக்குப் பொழுது மாறக்கூடியது. முடி வளர்வதற்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதை ஆய்வகத்தில் சொல்லிவிட வேண்டும். சில சோதனைகளில் அது முடிவையே திரித்துக் காட்டிவிடும். எங்கள் பள்ளியில் எனக்கு இளைய ஆசிரியை ஒருவர், இதே மாத்திரை எடுப்பவர், தாம் கருவுற்றிருப்பதைச் சென்ற மாதம் என்னிடம் சொன்னார். முதல் மாதங்களில் கரு தாயின் தைராக்சினையே நம்பியிருப்பதால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், ஸ்கேன் நாள் வரை காத்திருக்க வேண்டாம் என்றேன். அவர் மறுநாளே அரை நாள் விடுப்பு எடுத்து மருத்துவரைப் பார்த்து, அளவைக் கூட்டி வாங்கி வந்துவிட்டார்.