பாதி எஞ்சினும் மடங்கும் இறக்கையும்

லண்டன் செயின்ட் பாங்கரஸில் ரயில் ஏறி பிகிள்ஸ்வேடில் இறங்கினேன். அங்கிருந்து டாக்சியில் கொஞ்ச தூரம் போனால் ஓல்டு வார்டன். வயல்களுக்கு நடுவே புல்தரை ஓடுபாதை. பழைய விமானங்களைப் பறக்கும் நிலையிலேயே வைத்துக் காக்கும் ஷட்டில்வொர்த் சேகரிப்பு இங்கேதான் இருக்கிறது. நான் போனது 1928-இல் செய்த டி ஹாவிலாண்டு மாத் விமானத்தைப் பார்க்க. இந்தச் சேகரிப்பைத் தொடங்கிய ரிச்சர்டு ஷட்டில்வொர்த் 1932-இல் வாங்கிய முதல் விமானம் அது. அன்றிலிருந்து அதற்கு இதுதான் வீடு.

கொட்டகையில் முதலில் கண்ணில் பட்டது 'மிஸ் கென்யா', மாத்துக்கு முந்தைய டி ஹாவிலாண்டு விமானமான டிஎச் 51. பெரிய உடம்பு, வி8 எஞ்சின், அதாவது பக்கத்துக்கு 4 என்று வி வடிவில் 8 சிலிண்டர்கள். சொந்தமாக வாங்கி ஊர் சுற்ற நினைப்பவருக்குக் கட்டுப்படியாகாது. மொத்தம் 3 தான் செய்தார்கள். அதற்கும் முன்னால் 1923-இல் வந்த டிஎச் 53 நேர்மாறு. மோட்டார் சைக்கிள் எஞ்சின், ஒரே இருக்கை, திணறும் சக்தி. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்று நிறுவனத்தை நடத்திய ஜெஃப்ரி டி ஹாவிலாண்டு நினைத்தார். ஆனால் அந்த அளவுக்கு எஞ்சினே கிடையாது.

எஞ்சின் வடிவமைப்பாளர் பிராங்க் ஹால்ஃபோர்டு கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் உலகப் போரில் மிஞ்சிய ரெனோ வி8 எஞ்சின்கள் மலிவாகக் கிடந்தன. அதில் ஒரு பக்கத்து 4 சிலிண்டர்களை மட்டும் எடுத்து, புதிய கிராங்க் கேஸில் (சுழல் தண்டைத் தாங்கும் அடிக்கூட்டில்) வரிசையாக நிறுத்தினார். 60 குதிரைத்திறன் கிடைத்தது. சிர்ரஸ் என்று பெயர் வைத்தார்கள். அதைப் பூட்டிய முதல் மாத்தை 1925 பிப்ரவரி 22 அன்று ஸ்டாக் லேன் தளத்தில் டி ஹாவிலாண்டே ஓட்டினார்.

மாத் அருகில் போய் நின்றேன். ஒட்டுப்பலகை உடம்பு, துணி போர்த்திய இறக்கை. பெட்ரோல் தொட்டி மேல் இறக்கையின் நடுவில் இருக்கிறது. பம்பு வேண்டாம், தானாக இறங்கும். தனியாகப் போகும் விமானி பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். முன் இருக்கை எடைமையத்தின் பக்கத்தில் இருப்பதால், அதில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமநிலை கெடாது. பின்னால் பெட்டி வைக்கச் சின்ன அறை. இது ஊர் சுற்றவே செய்த வண்டி.

அங்கிருந்த முதிய தன்னார்வலரிடம் இறக்கை மடங்குவதைப் பற்றிக் கேட்டேன். "இங்கே பாருங்கள்" என்று கீல் இருக்கும் இடத்தை விரலால் காட்டினார். இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்களில் முன் சட்டத்தின் பூட்டைக் கழற்றினால், பின் சட்டத்துக் கீலில் இறக்கை அப்படியே பின்னோக்கிச் சுழன்று உடம்பை ஒட்டி நிற்கும். அதற்கு முன் மேல், கீழ் இறக்கைகளுக்கு நடுவே தற்காலிக முட்டுக்கம்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டு தளர்ந்துவிடும். 30 அடி அகலம் ஏறக்குறைய 10 அடியாகிவிடும். வீட்டுக் கொட்டகை போதும், காரின் பின்னால் கட்டி இழுத்தும் போகலாம்.

டி ஹாவிலாண்டுக்குப் பூச்சிகள் மேல் அப்படி ஒரு பிரியம். 'மாத்' என்றால் அந்துப்பூச்சி. உட்கார்ந்ததும் பட்டாம்பூச்சி இறக்கையை நிமிர்த்திச் சேர்க்கும். அந்துப்பூச்சியோ பெரும்பாலும் பின்னால் சாய்த்து உடம்போடு படியவைக்கும். பெயர் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதை அந்தக் கீலுக்கு முன்னால் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

கிளம்புமுன் மறுபடி 'மிஸ் கென்யா'விடம் போய் மூக்குப் பக்கம் நின்று சிலிண்டர்களை எண்ணினேன். அந்தப் பக்கம் 4, இந்தப் பக்கம் 4.