மதம் என்றே அச்சடிக்கலாம்

போன மாதம் ஒரு பாஸ்டர் கைப்பிரதி அடிக்கக் கொடுத்தார். இரண்டாயிரம் பிரதி, பிட் நோட்டீஸ் அளவு, நீல மை. தலைப்பு வழக்கமானதுதான்: "கிறிஸ்தவம் மதமல்ல, மார்க்கம்." கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பத்தொன்பது வருஷமாக டிடிபி வேலை செய்கிறேன். இந்த வரியை எத்தனை முறை டைப் செய்திருப்பேன் என்று கணக்கில்லை. யோசிக்காமலே விரல் அடித்துவிடும்.

மெஷின் ஓட்டும் அண்ணன் பிளேட்டை மாட்டி, மை சரியாகப் பிடிக்கிறதா என்று முதல் தாளை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். 'ம'வின் வளைவில் மை அடைத்திருந்தது. பிளேட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, உங்களோடது மதம் இல்லைன்னா, நாங்க கும்பிடறது மட்டும்தான் மதமா?"

சண்டைக்குக் கேட்கவில்லை. காலையில் வந்ததும் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறவர். கிறிஸ்துமஸுக்கு வருஷம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருகிறவர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த வாரம் முழுக்க அதுவே மனசில் ஓடியது.

கிறிஸ்தவம் மதம்தான். அப்படிச் சொல்வதால் இயேசுவுக்கு ஒரு குறைவும் வராது. யோசித்து யோசித்து நான் வந்து நின்ற இடம் இது.

முதலில் அந்த 'மார்க்கம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். என் கம்ப்யூட்டரில் அது நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஜமாஅத்துக்காரர்கள் "மார்க்க விளக்கக் கூட்டம்" என்று போஸ்டர் கொடுப்பார்கள். தைப்பூசம் நெருங்கினால் சன்மார்க்க சங்கத்தார் அன்னதான நோட்டீஸோடு வருவார்கள். வள்ளலார் 1865-லேயே தன் சங்கத்துக்குச் சன்மார்க்கம் என்று பெயர் வைத்தவர். அவர் வழியில் நிற்கிறவர்களும் தங்களுடையது மதங்களைக் கடந்தது என்றுதான் சொல்கிறார்கள். சைவத்திலோ தாசமார்க்கம் தொடங்கி சன்மார்க்கம் வரை நான்கு மார்க்கம் உண்டு. ஒரே மேசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் அதே சொல்லை அடித்துக் கொடுக்கிறவளுக்கு, அது ஒருவருடைய தனிச்சொத்து என்று நம்புவது கஷ்டம்.

வேதாகமத்திலாவது தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தேன். அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தின் 24-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல், "இவர்கள் மதபேதம் என்று சொல்லுகிற மார்க்கத்தின்படியே" ஆராதனை செய்கிறேன் என்கிறார். கைப்பிரதி எழுதுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். ஆனால் இரண்டே அதிகாரம் தள்ளி அதே பவுல், தான் பரிசேயனாக, அதாவது கண்டிப்பான ஒரு பிரிவைச் சேர்ந்தவனாக இருந்த யூத மதத்தையும் "நம்முடைய மார்க்கம்" என்கிறார். அங்கே கிரேக்கத்தில் இருப்பது வேறு சொல். ஆங்கிலத்தில் ரிலிஜன் என்று மொழிபெயர்ப்பது. அதே கிரேக்கச் சொல் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்திலும் வருகிறது. நம் தமிழ் வேதாகமம் அங்கே அதைப் பக்தி என்று போட்டிருக்கிறது: திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கிறதும், உலகத்தால் கறைபடாமல் தன்னைக் காத்துக்கொள்ளுகிறதுமே மாசில்லாத சுத்தமான பக்தி. அதாவது யாக்கோபு மதத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சுத்தமான மதம் எது என்று சொல்லிக்கொடுக்கிறார்.

"யானைக்கு மதம் பிடித்தால் என்ன ஆகும்?" என்று கூட்டங்களில் கேட்பார்கள். கை தட்டல் வரும். அந்த மதமும் இந்த மதமும் எழுத்தில் ஒன்று, பிறப்பில் வேறு. நன்னூலில் "எழுவகை மதம்" என்று படித்திருப்போம். அங்கே மதம் என்றால் ஒரு நூலாசிரியன் எடுக்கும் நிலைப்பாடு, கொள்கை. சம்மதம் என்கிறோமே, அதற்குள் இருப்பதும் இதே மதம்தான். அதில் வெறி எங்கே இருக்கிறது?

பாஸ்டர் சொல்ல வருவது எனக்குப் புரியாமல் இல்லை. பேரில் மட்டும் கிறிஸ்தவராக இருந்தால் போதாது, ஆண்டவரோடு உறவு வேண்டும் என்கிறார். சரிதான். என் பாட்டியும் "பேர் கிறிஸ்தவங்க" என்று சிலரைச் சொல்லி வருத்தப்படுவாள். ஆனால் அந்த உறவு அவளுக்கு எதன் வழியாக வந்தது?

1895-ல் தியடோர் நேதர் என்ற மிஷனரி கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷன் வேலையைத் தொடங்கினார். அந்த வழியில் வந்த குடும்பம் எங்களுடையது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞானோபதேசம் என்கிற கேள்வி-பதில் வேதபாடம் முழுக்க மனப்பாடம். அடுப்பில் களிக்கு உலை வைக்கும்போதெல்லாம், மாவு அளந்த பிறகு அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடுவாள். சபையில் இதற்குப் பிடி அரிசி என்று பெயர். எங்கள் வீட்டில் அரிசி ஏது, போட்டதெல்லாம் கேழ்வரகு மாவுதான். போடும்போது உதடு அசையும், சத்தம் வராது. வீட்டில் மாவு குறைவாக இருந்த நாளில் அம்மா, "இன்னிக்கு விட்டுடுங்களேன் அத்தை" என்று சொல்லியிருக்கிறாள். பாட்டி பிடியைச் சின்னதாக்கினாள், நிறுத்தவில்லை. மாதக் கடைசியில் கலயம் எங்கள் சபைக் கோயிலுக்குப் போகும். அங்கிருந்து தெருவில் ஒண்டியாக இருந்த இரண்டு விதவைகளின் வீட்டுக்குப் போகும்.

அந்தக் கைப்பிரதியின் இரண்டாம் பத்தி, "மதம் என்பது வெறும் சடங்கு" என்று ஆரம்பிக்கிறது. அதை டைப் செய்தபோது அந்தக் கலயம்தான் கண்ணுக்கு வந்தது. தினமும் தவறாமல், யாரும் பார்க்காமல், ஒரே மாதிரி செய்வது சடங்கு என்றால் அது சடங்குதான். அதைவிடச் சுத்தமான பக்தியை நான் பார்த்ததில்லை.

அப்புறம் இன்னொன்று. இது எனக்கு வலிக்கிற விஷயம். மகன் காலேஜ் சேரும்போது சாதிச் சான்றிதழ் வாங்கினோம். கிறிஸ்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு. என் சித்தி மகன் அதே தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறான். அவன் குடும்பம் மாறவில்லை, அதனால் அவன் பிள்ளைக்குப் பட்டியல் சாதிச் சான்று. 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வர முடியாது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். நாங்கள் இன்னும் வெளியே நிற்கிறோம். தனித்தொகுதியில் போட்டியிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. காலனிக்கு வெளியே எங்களைப் பார்க்கிறவன் கண்ணில் எனக்கும் சித்தி மகனுக்கும் ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை. மதம் மாறினோம், தெரு மாறவில்லை.

அந்தச் சான்றிதழுக்காகப் போன அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கியவர் 'மதம்' என்ற இடத்தில் விரலை வைத்து, "இங்கே என்ன போட?" என்று கேட்டார். மார்க்கம் என்றா போடச் சொல்வது? கிறிஸ்தவம் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று தெரிந்தேதான் சொன்னேன். என் பாட்டன் காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் போய் இது மதமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நோட்டீஸ் கட்டு வாங்க வந்த பாஸ்டரிடம் அப்போஸ்தலர் 26-ஐயும் யாக்கோபையும் எடுத்துக் காட்டினேன். தம்பி வயசுதான் அவருக்கு. நின்றபடியே இரண்டு முறை படித்தார். "பார்க்கிறேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பைக்கின் பின்சீட்டில் நோட்டீஸ் கட்டை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கொண்டுபோனார்.

அண்ணனிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன்: "எங்களோடதும் மதம்தாண்ணா." அவர் ரோலர் கழுவிக்கொண்டிருந்தார். "அப்படிச் சொல்லு" என்றார்.

பாட்டியின் மண்கலயம் உடைந்து பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறேன். ரேஷன் அரிசிதான், காலையில் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. இந்த மாதம் இரண்டு படிக்குக் கொஞ்சம் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரம்பிவிடும்.