வசனத்தை ஒப்பித்தால் பேச்சு வராது

ஆங்கிலப் பேச்சுக்கு நாடகம் என்றதும் பல பள்ளிகளில் நடப்பது இதுதான்: நாலு பக்க வசனத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லி, ஆண்டு விழாவில் மேடையேற்றிவிடுவது. பிள்ளைகள் பிசகாமல் ஒப்பிப்பார்கள். மறுநாள் "வை ஆர் யூ லேட்?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். எதிராளி என்ன சொல்வார் என்று தெரியாமல் பதிலைத் தேடி எடுக்கும் வேலை மனப்பாடத்தில் கிடையாதே.

வசனத்துக்குப் பதில் ஆளுக்கொரு சீட்டு கொடுங்கள். ஒன்றில்: "நேற்று வாங்கிய செருப்பு அறுந்துவிட்டது. பணம் திரும்ப வேண்டும். பில் தொலைந்துவிட்டது." மற்றதில்: "நீங்கள் கடைக்காரர். பில் இல்லாமல் பணம் தரக்கூடாது. வேறு செருப்பு தரலாம்." அடுத்தவர் சீட்டைப் பார்க்கக் கூடாது; பார்த்துவிட்டால் இரண்டு வரியில் சமரசமாகிக் காட்சி முடிந்துவிடும். சீட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அதையே வாசித்துவிடுவார்கள்.

தொடங்கும் முன் "குட் (could) ஐ கெட்", "ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ காண்ட்" மாதிரி நாலைந்து தொடர்களைக் கரும்பலகையில் எழுதி வாயால் சொல்லிப் பழக்குங்கள். இதை விட்டால் சீக்கிரமே தமிழுக்குத் தாவிவிடுவார்கள். சோம்பல் என்று திட்டுவதில் பயனில்லை, கைவசம் சொல் இல்லை.

40 பேர் வகுப்பில் ஒரு ஜோடி நடிக்க 38 பேர் வேடிக்கை பார்ப்பது வீண். 20 ஜோடியும் ஒரே நேரத்தில், 90 விநாடி. இரைச்சலில் கத்தி நிறுத்த முடியாது, கையைத் தூக்கினால் அடங்க வேண்டும் என்று முன்பே பழக்குங்கள். கூச்சப்படுபவர்களை முதுகோடு முதுகாக உட்காரவைத்துக் காட்சியைப் போன் பேச்சாக மாற்றலாம். சைகை உதவாததால் வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

நடுவில் திருத்தாதீர்கள். குறித்துவைத்து, முடிந்தபின் மூன்று பிழைகளை மட்டும் பெயர் சொல்லாமல் பேசிவிட்டு, ஜோடியை மாற்றி அதே காட்சியை மறுபடி. நேரமில்லை என்று வெட்டப்படுவது இந்த இரண்டாம் சுற்றுதான். நாக்கு பழகுவதும் இதில்தான்.

தமிழ் பேசுபவர்களுக்கு இன்னொரு சிக்கல், அழுத்தம். நாம் "நானா எடுத்தேன்?", "பென்சிலைத்தான் எடுத்தேன்" என்று ஒட்டுச் சேர்த்தே காரியத்தை முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அதைக் குரல் செய்ய வேண்டும். "ஐ டிடின்ட் டேக் யுவர் பென்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐ' அழுந்தினால் எடுத்தது வேறொருவர். 'யுவர்' அழுந்தினால் எடுத்தது இன்னொருவர் பேனா. 'பென்' அழுந்தினால் எடுத்தது வேறு ஏதோ பொருள். ஒருவர் சொன்னதும் எதிரில் இருப்பவர் "தென் ஹூ டிட்?", "தென் ஹூஸ் டிட் யூ டேக்?", "தென் வாட் டிட் யூ டேக்?" இவற்றில் பொருந்துவதைக் கேட்க வேண்டும். நினைத்த கேள்வி வராவிட்டால் அழுத்தம் தவறிய இடம் சொன்னவருக்கே தெரிந்துவிடும், ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அந்தச் சொல்லைக் கத்துவார்கள். கத்தினால் போதாது, அசையை நீட்டி, சுருதியை ஏற்றி, மற்ற சொற்களைச் சுருக்க வேண்டும். ஒரு ரப்பர் பேண்டை இரு கையிலும் பிடித்து, அந்த அசை வரும்போது மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். நீளம் பிடிபட்டுவிடும்.